உள் சீட்டு

14.6.2009

அம்மாடி,

இது உன் அம்மாவின் தீர்ப்பு. "இனிமே ரெண்டு பேரும் போனைத் தொடக் கூடாது. சொல்ல வேண்டியதை எழுதித் தொலைங்க. எழுதும்போதாவது குறுக்கே பேச முடியாதில்ல" என்று ரிசீவரைப் பிடுங்கி வைத்துவிட்டாள். மூன்று நிமிஷத்தில் நாம் நான்கு சண்டை போட்டிருந்தோம். ஐந்தாவதை நான் ஆரம்பிக்கும்போதுதான் பிடுங்கினாள். கொஞ்சம் பொறுத்திருந்தால் அதில் நான் ஜெயித்திருப்பேன்.

கத்தியது தப்புதான். ஆனால் பெரிய கம்பெனியில் நாற்காலி போட்டு உட்கார வைத்த வேலையை விட்டுவிட்டு, கூடப் படித்த அந்த நெட்டையோடு சேர்ந்து சொந்தமாகக் கட்டிடம் வரையப் போகிறேன் என்றால் எந்த அப்பன் கத்தாமல் இருப்பான்? அதிலும் பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டு முறை கோட்டைவிட்ட அப்பன். எனக்குத் தெரிந்த உத்தியோகம் ஒன்றே ஒன்று, பார்சல் ஆபீஸ் கிளார்க். இருபத்தொன்பது வருஷம் ஊரார் மூட்டைக்கு லேபிள் ஒட்டினேன். ரிட்டயர் ஆன அன்று எனக்கும் ஒரு மாலையை மாட்டி வீட்டு விலாசத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

போட்டி போட்டி என்றாயே, அது என்ன போட்டி? கட்டிடம் வேண்டுமென்றால் ஆளைக் கூப்பிட்டுக் கட்டச் சொல்வார்களா, ஓடவிட்டு வேடிக்கை பார்ப்பார்களா? எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

உன் பழைய காம்பஸ் பெட்டியைப் பார்சல் போட்டிருக்கிறேன். வெளியே விலாசம் எழுதியதோடு உள்ளேயும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன். உனக்குத்தான் அப்பனின் கிறுக்குத் தெரியுமே. வெளி லேபிள் மழையில் போகும், எலி தின்னும், சுமப்பவன் தோளில் உரசிக் கிழியும். உள் சீட்டு இருந்தால் பெட்டி எங்கே போனாலும் வீடு திரும்பும். என் கவுண்டரில் போட்ட பார்சல் ஒன்றுகூட அநாதையானதில்லை. வேறு எதிலும் நான் பாஸ் ஆனதில்லை, இதில் மட்டும் நூற்றுக்கு நூறு.

அப்பா


2.7.2009

அப்பா,

பெட்டி வந்தது. மூடிக்குள் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்து நெட்டை கேட்டான், "உங்கப்பா உன்னையும் இப்படித்தான் ஸ்கூலுக்கு அனுப்புவாரா?" ஆமாம் என்றேன். காலருக்குள் நீங்கள் தைத்துவிட்ட துணிப் பட்டையை மறக்க முடியுமா?

போட்டி என்றால் இதுதான். ஓர் ஊருக்கு நூலகம் வேண்டும். யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை. வரைந்து அனுப்புங்கள் என்று அறிவிப்பார்கள். இருநூறு பேர் மாதக்கணக்கில் குனிந்து வரைந்து அனுப்புவார்கள். ஒருவருக்கு வேலை, மிச்சப் பேருக்கு முதுகுவலி.

ஆனால் வரைபடத்தில் யார் பெயரும் இருக்கக் கூடாது. ஒரு நம்பர் மட்டும். பெயரும் விலாசமும் தனி உறையில் சீல் வைத்து வேறோர் இடத்தில் இருக்கும். ஜெயித்தவரின் உறையை மட்டும்தான் பிரிப்பார்கள். தோற்றவர்களின் உறை பிரிக்காமலே கிழிபடும். பெயர் எங்கேயாவது தென்பட்டால் அவ்வளவுதான், எவ்வளவு நன்றாக இருந்தாலும் தள்ளிவிடுவார்கள்.

பழைய கம்பெனியில் முதல் நாளே கேட்டார்கள், யார் பெண், யார் சொல்லி வந்தாய் என்று. இங்கே யாரும் கேட்க முடியாது. அதற்காகவே எனக்கு இது பிடித்திருக்கிறது.

உங்களைச் சொல்லவில்லை. உடனே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள்.


20.11.2010

அம்மாடி,

பேப்பரில் உன் படம் வந்தது. படம் என்றால் அமைச்சரின் படம்தான். அவர் தோளுக்குப் பின்னால் ஒரு காதும் கொஞ்சம் முடியும் தெரிந்தது. "இது நம்ம பொண்ணு காதுதான்" என்று உன் அம்மா அடித்துச் சொல்லிவிட்டாள். கத்தரித்து வைத்திருக்கிறோம். வருகிறவர்களுக்கெல்லாம் அந்தக் காதைக் காட்டுகிறோம்.

நூலகத்தைத் திறந்த மறுவாரம் நாங்கள் போயிருந்தோம். உன்னிடம் சொல்லவில்லை, சொன்னால் கூடவே வந்து விளக்குவாய். உன் அம்மா ஒவ்வொரு சன்னலாகத் திறந்து மூடினாள். நான் ஒரு தடிப் புத்தகத்தை விரித்து வைத்து, படிக்கிற பாவனையில் மேலே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூரை வழியாக வெயில் எப்படி வருகிறது, எப்படிக் கண்ணில் குத்தாமல் வருகிறது என்று புரியவேயில்லை. நூலகர் வந்து, "பெரியவரே, புத்தகம் தலைகீழா இருக்கு" என்றார்.

பெயர் போடாத பார்சல் வந்தால் நாங்கள் பின்னறையில் எலிகளோடு போட்டுவிடுவோம். உங்கள் தொழிலில் அதற்குப் பரிசு கொடுக்கிறார்கள். நல்ல தொழில்.

டயர் கடை மாடியில் ஆபீஸ் போட்டிருக்கிறீர்களாமே. நாலு பேராமே. நெட்டையை நிலைவாசலில் தலை இடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளச் சொல்.

அப்பா


5.10.2012

அப்பா,

உங்கள் மூன்று கடிதங்களுக்கும் சேர்த்து இது ஒன்று. திட்டாதீர்கள்.

இப்போது பதினோரு பேர். மாடி முழுக்க எங்களுடையது. இதுவரை பதினான்கு போட்டிகள், மூன்று ஜெயம். நூலகம் நிற்கிறது. பள்ளிக்கூடம் அஸ்திவாரத்தோடு நிற்கிறது. அருங்காட்சியகம் காகிதத்தில் நிற்கிறது.

வளர்ந்துவிட்டீர்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஒன்று ஜெயித்தால் அந்த வேலையைச் செய்ய ஆள் எடுக்கிறோம். எடுத்த ஆட்களைக் காப்பாற்ற இன்னொன்று ஜெயிக்க வேண்டியிருக்கிறது. பஸ் படியில் தொங்குகிற மாதிரிதான் இருக்கிறது, கையை எடுத்தால் தெரியும். ஐந்து மாதமாக ஒன்றும் வரவில்லை.

இப்போது குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்று. இதுவரை போட்டதிலேயே பெரியது. இது கிடைத்தால் ஐந்தாறு வருஷத்துக்கு யாரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். கிடைக்காவிட்டால் ஆபீஸ் இல்லை. பதினோரு பேருக்கும் இது தெரியும்.

போன தடவை வரைபடம் ஒட்டிய போர்டுகள் மூலை நசுங்கிப் போய்ச் சேர்ந்தன. கூரியர்காரன் மேல் பழி போட்டோம். கட்டியது நாங்கள்தான். நெட்டை சொல்கிறான், "உலகத்துலேயே நல்ல பார்சல்காரர் உங்க வீட்டுல சும்மா உட்கார்ந்திருக்காரு, நாம டேப் சுத்திட்டிருக்கோம்."

நவம்பர் கடைசியில் வந்து கட்டிக் கொடுக்கிறீர்களா?


4.12.2012

அம்மாடி,

வந்து சேர்ந்தேன். உன் அம்மா கேட்ட முதல் கேள்வி, அங்கே உன்னை யாராவது சாப்பிட வைக்கிறார்களா என்பது. ஆமாம் என்று பொய் சொல்லியிருக்கிறேன். காப்பாற்று.

நாலு நாளும் நான் ராஜா மாதிரி இருந்தேன். உன் ஆட்களெல்லாம் என்னை அப்பா அப்பா என்றார்கள். பெஞ்சில் படுக்க வைத்து நோயாளியாக நடிக்கச் சொன்னாயே, அது ஒன்றுதான் எனக்கு நன்றாக வந்தது. "அப்பா, தலையைத் தூக்காம சொல்லுங்க, அந்தக் கோடு தெரியுதா?" என்று நீ அட்டையை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தாய். படுத்திருக்கும் பிள்ளைக்குத் தலையணை உயரத்திலேயே மரம் தெரிய வேண்டும், அதற்காக ஒரு சன்னல். அதற்கு இத்தனை பாடு. அரை மணி கழித்து நான் குறட்டை விட்டதாக நெட்டை சொன்னது அபாண்டம். கால் மணிதான் ஆகியிருக்கும்.

கடைசி நாள் கூத்தை உன் அம்மாவுக்கு நடித்தே காட்டினேன். நாம் போகும்போது கவுண்டர்காரன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டான். நெட்டை அந்த ஒட்டகக் காலை அடியில் நீட்டினானே, "சார், காலை வேணும்னா எடுத்துக்கோங்க, பார்சலை வாங்கிக்கோங்க" என்று! நமக்குப் பின்னால் ஒரு ஈ இல்லை. மொத்த தேசத்திலும் நாம்தான் கடைசி.

கவலைப்படாதே. வெளியே போட்டி நடத்துகிறவர்கள் அச்சிட்டுக் கொடுத்த லேபிள், அதில் நம்பர் மட்டும். நடுவர்கள் பார்க்கிற பக்கத்தில் என் கைரேகைகூட இருக்காது. மற்றபடி ஒரு பார்சல்காரன் உள்ளேயும் வெளியேயும் செய்ய வேண்டியதை ஒன்று விடாமல் செய்திருக்கிறேன். நிம்மதியாகத் தூங்கு.

அப்பா


19.2.2013

அப்பா,

முடிவு வந்துவிட்டது. நமக்கு இல்லை. ஆறுதல் பரிசிலும் பெயர் இல்லை.

போர்டுகள் பார்சலில் திரும்பி வந்துவிட்டன. கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்திருக்கிறேன். ஒரு மூலைகூட மடங்கவில்லை. நன்றாகத்தான் கட்டியிருந்தீர்கள்.

இப்போது வர வேண்டாம். அம்மாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.


1.3.2013

அம்மாடி,

உன் அம்மாவிடம் சொன்னேன். போய்ப் பாத்திரம் கழுவினாள். கழுவி வைத்த பாத்திரத்தையே மறுபடி கழுவினாள்.

நடுவர்கள் ஐந்து பேருக்கும் கண் டாக்டர் ஒருவரைச் சிபாரிசு செய்யலாம் என்றிருக்கிறேன். எனக்குக் கண்புரை எடுத்தாரே, அவர்தான். எடுத்த பிறகு எனக்கே உன் ஆஸ்பத்திரி நன்றாகத் தெரிந்தது. ஐந்து பேர் உட்கார்ந்து, தலையணை உயரச் சன்னலைப் பார்த்து, பட்டியலில் ஒரு ஓரமாகக்கூடப் போடத் தோன்றவில்லை என்றால் அவர்கள் படுத்துப் பார்க்காதவர்கள். நின்றுகொண்டே பார்த்திருப்பார்கள். குருடர்கள்.

நான் இரண்டு முறை கோட்டைவிட்டவன். தோற்ற மறுநாள் பல் துலக்குவதுதான் கஷ்டம், அப்புறம் பழகிவிடும். அடுத்த போட்டி எது? இப்போதே சொல். கயிறும் பசையும் தயாராக இருக்கின்றன.

அப்பா


12.3.2013

அப்பா,

அடுத்த போட்டி இல்லை. ஆறு பேரை அனுப்பிவிட்டேன். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னேன். ஐந்தாவது ஆளுக்கு நான் சொல்லும் முன்பே தெரிந்துவிட்டது, அவளே எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.

நெட்டையும் போய்விட்டான். அவன் ஒரு காரியம் செய்யச் சொன்னான், நான் மாட்டேன் என்றேன். அவன் சொன்னது நியாயம்தான். என்ன என்று கேட்காதீர்கள். அவனைத் திட்டவும் வேண்டாம்.

பசையை மூடி வையுங்கள், காய்ந்துவிடும்.


20.3.2013

அம்மாடி,

திட்ட வேண்டாம் என்ற உன் கடிதம் ஒரு நாள் தாமதம். திட்டி முடித்துவிட்டேன்.

நேற்று அவன் இங்கே வந்தான். ஆறு மணி நேரம் பஸ்ஸில் வந்திருக்கிறான், சட்டையெல்லாம் கசங்கி. அவன் உன்னை விட்டுப் போன செய்தியை நீ போனில் சொன்னதாக உன் அம்மா முந்தா நாளே சொல்லியிருந்தாள். கேட்டைத் திறக்கவில்லை. "மூழ்குற நேரத்துல குதிச்சு ஓடுறவனுக்கு என் வீட்டுல நாற்காலி இல்ல" என்றேன். சினிமா வசனம் மாதிரி வந்துவிட்டது, எனக்கே கூச்சமாக இருந்தது. ஆனால் நிறுத்தவில்லை. "உனக்கென்னப்பா, நீளக் கால், ஒரே எட்டுல தாண்டிடுவே" என்றும் சொன்னேன்.

அவன் சட்டைப் பையில் மடித்த காகிதம் ஒன்று இருந்தது. பாதி எடுத்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே வைத்துக்கொண்டான். "பார்சலை நல்லா கட்டியிருந்தீங்கப்பா" என்றான். "நான் நல்லாத்தான் கட்டினேன், நீங்கதான் அவிழ்த்துட்டீங்க" என்றேன். உன் அம்மா தண்ணீர் கொண்டுவருவதற்குள் தெருமுனை தாண்டிவிட்டான்.

"என்னங்க பேசினீங்க அந்தப் புள்ளைய?" என்று கேட்டவள் நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளக் கடிதம்.

அப்பா


22.9.2013

அப்பா,

மாத முடிவில் ஆபீஸைக் காலி செய்கிறேன். பெட்ரோல் பங்க்குகளுக்குக் கழிப்பறை வரைகிற கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. எல்லாப் பங்க்குக்கும் ஒரே வரைபடம். கதவு இடதா வலதா என்று மட்டும் மாற்ற வேண்டும். யாரோடும் போட்டி கிடையாது.

ஆஸ்பத்திரி போர்டுகளைப் பழைய பேப்பருக்குப் போடலாம் என்றிருந்தேன். அம்மா போனில் அழுகிறாள், சுவரில் மாட்ட வேண்டுமாம். நீங்கள் சொல்லிக் கொடுத்தீர்களா? சரி, அனுப்புகிறேன். மாட்டினால் நேராக மாட்டுங்கள். சும்மா திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டாம்.


14.10.2013

அம்மாடி,

போர்டுகள் வந்தன. ஆறும் வந்தன.

உன் அம்மா ஆணியோடு நின்றாள். சன்னல் வரைந்த போர்டுதான் முதலில் என்றாள். கயிறு கோர்க்கப் பின்பக்கம் திருப்பினேன். மூலையில் பென்சிலால் வட்டம் போட்டு 1 என்று எழுதியிருந்தது. போர்டு வரிசையாக்கும் என்று அடுத்ததைத் திருப்பினேன். அதிலும் 1. அதற்கடுத்ததிலும் 1. ஐந்து போர்டிலும் 1. ஆறாவதில் பென்சில் இல்லை. நடுவில் கையகலத்துக்குச் சொரசொரவென்று இருந்தது. ஈரம் வைத்துக் காகிதம் உரித்த இடம்.

என் சீட்டின் அகலமும் நீளமும் என் விரலுக்குத் தெரியும். வைத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது.

நன்றாகத்தான் உரித்திருக்கிறாய். ஆனால் என் பசை லேசில் போகாது. நானே காய்ச்சியது.

அப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தேன். யோசிக்கிற பழக்கம் இல்லாததால் ஒரு நாள் முழுக்க ஆயிற்று. வெளியே நம்பர் மட்டும். பெயர் சீல் வைத்த உறைக்குள். தோற்றவர்களின் உறையைப் பிரிக்கவே மாட்டார்கள் என்று நீயே எழுதியிருக்கிறாய். அப்படியானால் அந்தப் பார்சல் உன் ஆபீஸ் கதவுக்கு எப்படி வந்து சேர்ந்தது? விலாசத்தை யார் சொன்னது? இருபத்தொன்பது வருஷம் பார்சல் ஆபீஸில் உட்கார்ந்தவன் பிப்ரவரியிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. நான் நடுவர்களைக் குருடர்கள் என்று திட்டுவதில் மும்முரமாக இருந்துவிட்டேன்.

முன்பக்கம் நடுவர்களுக்கு, பின்பக்கம் பார்சல்காரர்களுக்கு என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதும் பொய். நினைக்கவே இல்லை. கை தானாகப் போய் ஒட்டிவிட்டது. உன் பெயர், ஆபீஸ் விலாசம். வழக்கமாக உன் இனிஷியலை மட்டும் போடுவேன். அன்றைக்கு என் பெயரை முழுசாக எழுதினேன். இவ்வளவு பெரிய காரியம் போகிறதே, கூட நானும் போகட்டுமே என்று ஓர் அற்ப ஆசை. யார் பெண் என்று கேட்காத இடம் என்று சந்தோஷமாக எழுதியிருந்தாய். கேட்காமலே சொல்லி அனுப்பிவிட்டேன்.

என் சீட்டை மட்டும் குறை சொல்ல முடியாது. பெட்டியைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டது.

பதினோரு பேர். அவர்கள் என்னை அப்பா என்று கூப்பிட்டார்கள்.

நெட்டையின் விலாசம் அனுப்பு. அவன் பையில் இருந்த காகிதம் என்ன என்றும் எழுது. இன்னொன்று. அந்த 1 என்ன? அதை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடு. வேறெதுவும் கேட்க மாட்டேன்.

அப்பா


21.10.2013

அப்பா,

இரண்டு நாள் ஈரத்துணி போட்டு உரித்தேன். நீங்கள் திருப்பிப் பார்ப்பீர்கள் என்று தெரிந்தேதான் இருந்தது.

நெட்டை கொண்டுவந்தது ஒரு முறையீட்டு மனு. எங்களுக்குத் தெரியாமல் பார்சல் கட்டியவர் ஒட்டியது என்று எழுதி, உங்கள் கையெழுத்தோடு ஒரு மாதத்துக்குள் கொடுத்தால் யோசிப்பார்கள் என்றான். என் அப்பாவைப் போய், தப்புச் செய்தேன் என்று கையெழுத்துக் கேட்க மாட்டேன் என்றேன். சண்டை அதுதான். நான் வேண்டாம் என்றும் அவனாகவே வந்திருக்கிறான். உங்கள் முகத்தைப் பார்த்ததும் எடுக்க முடியவில்லையாம். விலாசம் கீழே. அவனுக்கு உங்கள் மேல் கோபம் இல்லை.

அந்த 1 ஒன்றுமே இல்லை அப்பா. போர்டுகள் வந்து சேர்ந்த வரிசை. எல்லோருக்கும் முன்னால் நாம்தான் அனுப்பினோம், அதனால் 1. ஆறாவதில் எழுத மறந்திருப்பார்கள்.

எங்களைவிட நன்றாக வரைந்தவர்கள் நிறையப் பேர். சீட்டு இல்லாவிட்டாலும் இதேதான் நடந்திருக்கும். நிஜமாகத்தான் சொல்கிறேன்.

மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள்.


28.10.2013

அம்மாடி,

நெட்டைக்கு எழுதிப் போட்டுவிட்டேன். நாலு தாள் கிழித்து, ஐந்தாவதில் இரண்டு வரிதான் வந்தது.

சன்னல் போர்டை உன் அம்மா கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில், தலையணை உயரத்தில் மாட்டியிருக்கிறாள். படுத்துப் பார்த்தேன். தலையைத் தூக்காமலே மரம் தெரிகிறது.

அந்த 1 விஷயம் நீ எழுதியதும் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. ஆமாம், நாம்தான் எல்லோருக்கும் முன்னால் அனுப்பினோம். கவுண்டர்காரன் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கினான். நமக்குப் பின்னால் தெருமுனை வரைக்கும் ஆட்கள் நின்றார்கள். அந்தக் கூட்டத்தில் நெட்டைக்குக் காலை நீட்டக்கூட இடமில்லை.

அப்பா